வளையின் அளவு

எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்த வளையல்காரர், தோளில் தொங்கிய சரங்களைத் திண்ணையில் இறக்கிவைத்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதிரே நீளும் கையை ஒருதரம் பார்த்தாரானால், 'ரெண்டு நாலு' என்றோ 'ரெண்டு ஆறு' என்றோ அந்தக் கைக்குரிய அளவை இரண்டே வார்த்தைகளில் சொல்லிவிடுவார். இரண்டு அங்குலமும், அதன்மேல் ஓர் அங்குலத்தைப் பதினாறு கூறாக்கியதில் நாலு கூறோ ஆறு கூறோ குறுக்களவு என்பது அதன் பொருளென்று எனக்குத் தெரியவந்தது வெகு காலம் கழித்துத்தான். அளவைச் சொன்ன பிறகு, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, நான்கு விரல்களின் கணுக்களையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்து, வலிக்கிறதென்று சொல்ல வாயெடுப்பதற்குள் கண்ணாடி வளையலை உடையாமல் மணிக்கட்டுக்கு ஏற்றிவிடுவார். ஒல்லியான கையென்றோ பருத்த கையென்றோ அவர் எந்தப் பெண்ணிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. கைக்குத்தான் வளையல், வளையலுக்குக் கை அல்ல என்பது அவருடைய தொழில் தர்மம். ஒரு கைக்கு ஏற்ற வளையல் சரத்தில் இல்லாவிட்டால், குறை தம்முடைய சரத்தினுடையது என்றே அவர் கருதினார்.

அவர் எழுந்து அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போன பிறகு அந்தக் கைகளைப் பற்றி எங்கள் கூடத்தில் நடந்த சம்பாஷணை வேறு விதமானது.

என் தமக்கை கல்யாணமாகிப் போன வருஷம், முதல் ஆடிக்குப் பிறந்தகம் வந்து ஊஞ்சலில் உட்கார்ந்து, அம்மா நீட்டிய காப்பித் தம்ளரை வாங்கக் கையை உயர்த்தியபோது, தை மாதத்தில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்த வளையல்கள் சலசலவென்று முழங்கைவரை இறங்கின. கூடத்திலிருந்த அத்தனை பெண்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பினார்கள். "என்னடி இப்படித் துரும்பா எளச்சுப் போயிட்ட? ஒம் மாமியா சோறு போடுறாளா, இல்ல அளந்து போடுறாளா?" என்றாள் பெரியம்மா. அக்கா சிரித்துக்கொண்டே காப்பியைக் குடித்தாள். இரண்டு வருஷம் கழித்து, ஒரு குழந்தையோடு பொங்கலுக்கு வந்தபோது அதே கூடம், அதே ஊஞ்சல். "இப்பத்தாண்டி புகுந்த வீட்டுச் சோறு ஒடம்புல ஒட்டியிருக்கு" என்று அதே பெரியம்மா திருஷ்டி கழித்தாள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, "வயித்துல துணியை இறுக்கிக் கட்டுடின்னா கேட்டாத்தானே, இப்படியே விட்டா குந்தாணியாட்டம் ஆயிடுவ" என்று எச்சரிக்கை பிறந்தது. மூன்று பேச்சும் அன்பினால் பிறந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முதற்பேச்சு மாமியாரின் சுபாவத்தைப் பற்றியது. இரண்டாவது, புகுந்த வீட்டின் செழிப்பைப் பற்றியது. மூன்றாவது, பெற்றவர்கள் செய்த பக்குவத்தைப் பற்றியது. என் தமக்கையைப் பற்றி மூன்றிலும் ஒரு சொல் இல்லை. அவளுடைய சரீரம் மற்றவர்களைப் பற்றிய சமாசாரம் எழுதப்பட்ட ஒரு கடிதமாக இருந்தது; அதை உரக்கப் படிக்கும் உரிமை அவளைத் தவிர எல்லோருக்கும் இருந்தது.

இது நேற்று முளைத்த வழக்கமன்று. தலைவன் பிரிந்த துயரால் தலைவியின் தோள் மெலிவதையும், மெலிந்த கையிலிருந்து வளை நெகிழ்ந்து கழல்வதையும், மேனியில் பசலை படர்வதையும், அது கண்டு ஊரார் அலர் தூற்றுவதையும் நம் அகப்பாட்டு மரபு அலுக்காமல் பாடியிருக்கிறது. வள்ளுவரோ 'உறுப்புநலன் அழிதல்' என்று காமத்துப்பாலில் 124-ஆம் அதிகாரத்தையே இதற்காக ஒதுக்கினார். அந்த அதிகாரத்தின் சோகம் இன்னதென்று எனக்கு விளங்கியது அக்காவின் ஆடி வரவை நினைத்துக்கொண்டு அதைப் படித்தபோதுதான். அங்கே தலைவிக்குத் தோள் மெலிந்தது பெரிய துன்பமன்று. மெலிந்த தோளைப் பார்த்தவர்கள் தன் கணவனைக் கொடியவன் என்று பேசுகிறார்களே என்பதுதான் அவளுடைய நோவு. தன் உடம்பு தன்னைக் கேளாமலே ஊருக்குச் சாட்சி சொல்லிவிடுகிறது. சொன்ன சாட்சியை மறுக்கவும் அவளுக்கு வாயில்லை. ஈராயிரம் வருஷங்களுக்குப் பிறகும் பெரியம்மா படித்தது அந்தச் சாட்சியத்தைத்தான்.

மெலிவை விரும்புவது மேனாட்டாரிடமிருந்து வந்த மோகம் என்று சொல்வோரும், நம் முன்னோர் பெண்ணின் செழுமையையே போற்றினார்கள் என்று பெருமைப்படுவோரும் பாதி உண்மையையே சொல்கிறார்கள். நம் புலவர்கள் தோளைப் பாடும்போது அது மூங்கிலைப்போலத் திரண்டிருக்க வேண்டுமென்று 'பணைத்தோள்' என்றார்கள். ஒரு சாண் கீழே இறங்கி இடைக்கு வந்தவுடன், அது கொடியாகி, நூலாகி, மின்னலாகி, இருக்கிறதோ இல்லையோ என்று ஐயுறுமளவுக்குத் தேய வேண்டுமென்றார்கள். கல்லில் வடித்த சிற்பியும் அந்த இலட்சணத்தையே பின்பற்றினான். கல்லுக்குப் பசியில்லை, பிரசவமில்லை, மூட்டுவலியில்லை. ஆகையால் இந்த இரண்டு கட்டளைகளும் அதனிடம் முரணின்றி அடங்கின. அன்னம் உண்டு ஜீவிக்கும் பெண்ணொருத்தி, மேலே நிறைவையும் நடுவே சூனியத்தையும் ஏக காலத்தில் தன் சரீரத்தில் காட்டுவது எப்படி? அந்தக் கணக்கு நேராகாமற்போனதற்குப் பிழை கணக்கைப் போட்டவர்கள்மேல் விழவில்லை, அவள்மேல்தான் விழுந்தது.

நம் பேச்சுமொழியைச் சற்றே கவனித்தால் அவளுக்கு விடப்பட்ட இடம் எவ்வளவு குறுகியதென்று தெரியும். ஒருபக்கம் ஓமக்குச்சி, ஒட்டடைக்கொம்பு, நெத்திலி, நோஞ்சான். மறுபக்கம் குந்தாணி, பூசணிக்காய், அம்மிக்கல். இரண்டுக்கும் நடுவே, 'பூசினாற்போல்' என்று ஒரு மயிரிழை அகலமுள்ள வரப்பு. அந்த வரப்பிலிருந்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கால் வழுக்காமல் பதினாறு வயதிலிருந்து அறுபது வயதுவரை அவள் நடந்து காட்ட வேண்டும். ஆணின் தொந்திக்கோ நம்மிடையே ஒரு கௌரவமே உண்டு. அது உத்தியோகம் உயர்ந்ததன் அடையாளம், மனைவியின் கைப்பக்குவத்துக்கு அத்தாட்சி, பிள்ளையாரின் சாயல். ஆணின் பருமன்கூடப் பெண்ணின் சமையலைப் பற்றிய செய்தியாகிவிடுவதை இங்கே கவனிக்க வேண்டும்.

அந்த வரப்பும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள், "கொஞ்சம் சதை போட்டா லட்சணமா இருப்பா" என்று சொல்லிப் போனதும், பெண்ணுக்கு எள்ளுருண்டையும் உளுந்தங்களியும் ஊட்டிய காலம் ஒன்றிருந்தது. இன்று அதே வீடுகளில், "முகூர்த்தத்துக்குள்ள அஞ்சு கிலோ கொறைச்சா போட்டோவுல நல்லா விழும்" என்று அவளுடைய தட்டிலிருந்து இட்லியை எடுத்துவிடுகிறார்கள். 1990-களில் பஞ்சுபோல் உப்பிய இட்லிக்கு 'குஷ்பு இட்லி' என்று ஒரு நடிகையின் பெயரை வைத்துத் தமிழ்நாடு முழுவதும் விற்றார்கள். ரசிப்பதற்கும் தின்பதற்கும் நடுவே பெரிய வேறுபாடில்லை என்பதை அதைவிட வெளிப்படையாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை. அதற்குப் பின் வந்த கதாநாயகிகளிடம் சினிமா உலகம் எதிர்பார்த்தது அதற்கு நேர்மாறான தேகத்தை. ஊட்டுவதிலிருந்து பறிப்பதற்கு வந்துவிட்டோம். ஊட்டிய கையும் பறித்த கையும் அவளுடையவையல்ல என்பது மட்டும் மாறவில்லை.

இந்தப் பார்வையிலிருந்து தப்பித்துக்கொண்ட பெண்கள் நம் சரித்திரத்தில் இல்லையா என்று தேடினால், என் கண்ணுக்கு இருவர் தெரிகிறார்கள். ஒருவர், புனிதவதி என்ற இயற்பெயர் கொண்ட காரைக்கால் அம்மையார். மாங்கனியின் அற்புதம் கண்டு அஞ்சி அகன்ற கணவன், வேறிடத்தில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதியின் பெயரையே இட்டு, தேடிவந்த அவள் காலிலேயே விழுந்தபோது, இவனுக்காகத் தாங்கிய இந்தத் தசைப்பொதி இனி எனக்கு வேண்டாம், பேய் வடிவு தருக என்று அவர் இறைவனிடம் வேண்டிப் பெற்றதாகப் பெரிய புராணம் கூறுகிறது. சோழர் காலத்துச் செப்புப் படிமங்களில் விலா எலும்பு தெரிய, வற்றிய மார்போடு, கையில் தாளமேந்தி அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த முகத்தில் இருப்பது துயரமன்று, விடுதலை. மற்றொருவர் ஔவை. பெண் கேட்டு வந்தவர்களின் தொல்லை தாளாமல் இளமையிலேயே பிள்ளையாரை வேண்டிக் கிழவியானாள் என்கிறது ஊர் வழங்கும் கதை. 1953-ல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அந்தக் கிழவியாக வந்து, தம் பருத்த சரீரத்தோடும் வெண்கலக் குரலோடும் கோலூன்றி நடந்தபோது, அவருடைய எடையைப் பற்றி எவரும் பேசவில்லை, பாட்டைத்தான் பேசினார்கள். தமிழில் பாடிய பெண்களில் நாம் கைகூப்பும் இந்த இருவராலுமே, பார்க்கப்படும் உடம்பைக் கழற்றிவைத்த பிறகுதான் தம் குரலைத் தடையின்றி எழுப்ப முடிந்தது என்று நம் கதைகளே சொல்கின்றன. பக்திக்கு நாம் கற்பித்த விலை அது. அந்த விலையைக் கொடுக்க மனமில்லாத, சாதாரணமாகச் சாப்பிட்டு, வேலை செய்து, பிள்ளை பெற்று, வயதாகும் பெண்ணுக்கு என்ன வழி என்பதை அந்தக் கதைகள் சொல்லவில்லை.

அவளுக்கு நவீன காலம் தராசைக் கொடுத்தது. ரயிலடியில், கண்ணாடிக்குப் பின்னால் வர்ணச் சக்கரம் சுழல, விளக்குகள் மின்ன நின்ற அந்த எடை இயந்திரத்தில் காசு போட்டால், அட்டையின் ஒருபுறம் எடையும் மறுபுறம் பலனும் அச்சாகி விழும். எடையே ஒரு ஜோசியம் என்பதை அந்த இயந்திரம் அவ்வளவு பச்சையாகச் சொன்னது. அதற்குப் பின்னாலிருந்த விஞ்ஞானமும் பெண்ணை முன்னிட்டுப் பிறந்ததன்று. பெல்ஜிய தேசத்து வானசாஸ்திரியான அடால்ஃப் கெட்லே, நட்சத்திரங்களை அளந்த கணித முறையை மனிதர்கள்மேல் செலுத்தி, 1835-ல் வெளியிட்ட நூலில் 'சராசரி மனிதன்' என்றொரு கற்பனைப் பிரஜையைச் சிருஷ்டித்தார். வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுகிறதென்பது அவர் கண்ட விதி. ஒரு ஜனத்தொகையின் பொது இயல்பை அறிவதே அவருடைய நோக்கம். தனியொருத்தியை நிறுத்திவைத்துத் தீர்ப்புச் சொல்வது அன்று. பிறகு 1940-களில் அமெரிக்காவின் மெட்ரோபாலிடன் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி, எந்த எடையுள்ளவர்கள் நீண்ட நாள் சந்தா கட்டுகிறார்கள் என்ற கணக்கிலிருந்து உயரத்துக்கேற்ற எடை அட்டவணையைத் தயாரித்தது. 1972-ல் ஆன்சல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் சகாக்களும் கெட்லேயின் பழைய விகிதத்துக்கு 'உடல் நிறை குறியீடு' என்று பெயர் சூட்டினார்கள். அதற்காக அவர்கள் ஐந்து தேசங்களில் ஆராய்ந்தது 7,400-க்கும் மேற்பட்டவர்களை. அத்தனை பேரும் ஆண்கள்.

அந்த எண்ணின் எல்லைகளும் வரப்பைப் போலவே இடம் பெயர்ந்திருக்கின்றன. அமெரிக்காவில் 1998-ல் எல்லையை 25 என்று கீழே இறக்கியபோது, ஒரு கவளம்கூட அதிகம் உண்ணாமல் கோடிக்கணக்கானோர் எடை மிகுந்தவர்களாகிவிட்டார்கள். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதய நோயும் வருகின்றன என்பதால், 23-லிருந்தே எச்சரிக்கை வேண்டும் என்று 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கூறியது. இந்த எச்சரிக்கைகளுக்கு நியாயமான காரணமுண்டு. அவற்றைப் பரிகசிப்பது என் நோக்கமன்று. வைத்தியனின் கையிலிருக்கும் வரையில் எண் ஒரு கருவி. அது கூடத்துக்கு வந்துவிட்டால் வசையாகிறது. உத்தியோக நிலையத்துக்குப் போனால் தண்டனையாகிறது. முதல் கர்ப்பத்தோடு விமானப் பணிப்பெண்ணை வேலையிலிருந்து நீக்கும் விதி அநியாயமென்று 1981-ல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஆனால் எடை மிகுதி என்று பறக்கும் பணியிலிருந்து நிறுத்தப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் பணிப்பெண்கள் சிலர் டில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியபோது, 2008-ல் அவர்களுடைய மனு தள்ளுபடியாயிற்று. கருவுற்ற வயிறு மன்னிக்கப்பட்டது; வெறும் வயிறு மன்னிக்கப்படவில்லை.

இத்தனை கண்களும் இத்தனை கருவிகளும் பெண்ணின் சரீரத்தை இவ்வளவு காலம் பார்த்ததன் பலன் என்ன என்று கேட்பது நியாயம். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று, 2019-லிருந்து 2021 வரை நடந்தது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை மிகுந்தவர்கள் என்கிறது அது, 12.6 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். நம் கூடத்துச் சம்பாஷணை முழுவதும் இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கிவிடும். அதே அறிக்கையில் மூன்றாவதாக ஓர் எண் இருக்கிறது: அதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இளைத்தவளும் அதில் இருக்கிறாள், பருத்தவளும் இருக்கிறாள், பூசினாற்போல் இருப்பவளும் இருக்கிறாள். பாதிக்கு மேற்பட்ட பெண்களின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் போதவில்லை என்பதை, அவர்களுடைய இடையையும் தோளையும் இமை கொட்டாமல் பார்த்த ஒரு சமூகம் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் காரணம் அடுக்களையிலேயே கிடைத்திருக்கும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு இரண்டரை மணிக்குத் தட்டெடுத்துவைத்துக்கொண்டு உட்காருகிறவளுக்கு, குழம்பில் காய் தீர்ந்திருக்கும், கீரை தீர்ந்திருக்கும், மீன் துண்டு பிள்ளைகளுக்குப் போயிருக்கும். சோறு மட்டும் மீந்திருக்கும். அன்னத்தை வீணாக்குவது பாவமென்று அவள் அந்தச் சோற்றையும், குழந்தை வைத்துவிட்டுப் போன மிச்சத்தையும் ரசத்தை விட்டுப் பிசைந்து உண்டு முடிப்பாள். வயிறு நிறையும், சத்து சேராது. பருமனும் சோகையும் ஒரே தட்டிலிருந்து பிறக்கும் விதம் இது. அந்தத் தட்டை ஒருவரும் பார்ப்பதில்லை. அதை உண்டவளின் இடுப்பை எல்லோரும் பார்க்கிறார்கள்.

என் தமக்கையின் கதையை நான் முடிக்கவில்லை. முதல் ஆடியில் அவள் துரும்பாக இளைத்து வந்ததன் காரணம் பல வருஷங்களுக்குப் பிறகு அவளே சொல்லித்தான் தெரிந்தது. கும்பகோணத்தில் புகுந்த வீட்டிலிருந்து ஒன்றரை மைல் தூரத்திலிருந்த டைப்ரைட்டிங் பள்ளிக்கு, அவள் தினந்தோறும் காலையில் நடந்து போய் நடந்து வந்துகொண்டிருந்தாள். போய்வரும்படி சொன்னவள், எங்கள் பெரியம்மா சந்தேகித்த அதே மாமியார். "அந்த ஆறு மாசம் மாதிரி நான் சந்தோஷமா இருந்ததே இல்லைடா" என்றாள். பிறந்தகத்தார் மகிழ்ந்து திருஷ்டி கழித்த அந்தப் பொங்கலிலோ, கிணற்றடியிலிருந்து குடத்தை எடுத்துக்கொண்டு நாலு படி ஏறுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. புஷ்டியாகத்தானே இருக்கிறாள் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். அடுத்த பிரசவத்தின்போது, கீழிமையை விரலால் இறக்கிப் பார்த்த டாக்டரம்மா, காகிதம்போல் வெளுத்த அந்தத் தசையைக் கண்டு முகம் சுளித்து, ஹீமோகுளோபின் ஏழுதான் என்று சொல்லி ரத்தம் ஏற்றினார். இளைப்பில் துயரத்தைப் படித்தோம். அங்கே இருந்தது ஆனந்தம். பருமனில் செழிப்பைப் படித்தோம். அங்கே இருந்தது நோய்.

பெரியம்மாவைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. போன வருஷம், நெடுநாள் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் அக்காவைச் சந்தித்தபோது, சந்தனக் கிண்ணத்துக்கும் கற்கண்டுத் தட்டுக்கும் நடுவே நின்று, என்னை அறியாமலே என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "என்னக்கா, ஒரு சுற்றுப் பெருத்துட்டே?" என்பதுதான். அறுபத்தெட்டு வயதான அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமாண்டா, வளையல் ரெண்டு எட்டு ஆயிடுச்சு. கடைக்காரன் கேட்காம எடுத்துக் கொடுத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கேட்காமல் எடுத்துக் கொடுத்தான் என்ற அந்தச் சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை. நம் ஊரில் ஒருவரையொருவர் காணும்போது கேட்பதற்கு இதைவிட நல்ல கேள்வி ஒன்று பழைய நாளிலிருந்தே வழக்கத்தில் இருக்கிறது: "சாப்பிட்டியா?" அடுத்த கல்யாணத்தில், அடுத்த ஆடி அழைப்பில், எதிரே வரும் பெண்ணிடம் அதை மட்டும் கேளுங்கள், அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை அவள் முகத்தைப் பாருங்கள்.